ஸ்ட்ராத்ஃபீல்டில் விட்டுவந்த டப்பா

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டில் சமைப்பதும் சுமப்பதும் ஒன்றுமில்லை. விட்டுவிட்டுக் கிளம்புவதுதான் பெரும்பாடு. செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணவரின் வேலைக்காக இரண்டு வருடம் சிட்னியில் இருந்தபோது, செவ்வாய்தோறும் ஸ்ட்ராத்ஃபீல்டில் தனியாக வசிக்கும் ஆறு முதியவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தேன்.

ஒப்படைப்பு

எனக்குப் பதிலாக வரப்போகிறவர் சிட்னியின் கெல்லிவில் பகுதியில் வசிக்கும் சுதா, ஐடிக்காரர். அவருக்காக நான்கு பக்கம் எழுதிக்கொடுத்தேன். யார் கதவைத் திறக்க நேரமாகும், யாரிடம் மகனைப் பற்றிக் கேட்கக் கூடாது, யார் வீட்டில் டீ குடிக்காமல் நகர முடியாது என்றெல்லாம். நான்காம் வீட்டுப் பரமநாதன் அங்கிளுக்கு மட்டுமே ஒரு பக்கம். மனைவி போனபின் தனியாக இருப்பவர். முன்பு ஆள் மாறி நான் வந்தபோது, மூன்று வாரம் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பியவர். மறுபடியும் பட்டினி கிடப்பாரோ என்பதுதான் என் பயம். சுதா நிதானமாகப் படித்து முடித்தார்.

"நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, சமையலைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

வாசலில் செய்த தப்பு

இரண்டாம் வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். கடைசிச் செவ்வாய், அழுதுவிடுவேனோ என்ற அவசரத்தில், சாப்பாட்டை நீட்டியபடியே இனி வரமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லித் தொலைத்தேன். அன்ரி சாப்பாட்டை வாங்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாசல்ல நிண்டு வரமாட்டன் எண்டு சொல்லக் கூடாது, பிள்ளை. உள்ளுக்க வந்து கதிரையில இரும். தண்ணி குடிச்சிட்டு, போட்டு வாறன் எண்டு சொல்லும்." போய்விட்டு வருகிறேன் என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

பரமநாதன் அங்கிள்

புது டப்பாவைக் கொடுத்துப் போன வார டப்பாவை வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். அங்கிள் அதை ஒருநாளும் வெறுமையாகத் தந்ததில்லை. கொல்லையில் பறித்த கறிவேப்பிலையோ இரண்டு எலுமிச்சையோ உள்ளே இருக்கும். ஊருக்குத் திரும்புகிறேன் என்று சொன்ன வாரம் மட்டும், இன்னும் கழுவவில்லை என்று சொல்லிவிட்டார். கழுவிக் கவிழ்த்த டப்பா சமையலறையில் இருந்ததை நான் பார்த்தேன்.

கடைசி நாள் சுதாவைக் கூட்டிப்போனேன். அங்கிள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. நான் போனபிறகும் சாப்பிடுவீர்களா என்று நேரடியாகவே கேட்டேன். அவர் உள்ளே போனார். முன்பு தராததையும் சேர்த்து வரவேண்டிய டப்பாக்கள் இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டுவந்தார், நிறையக் கறிவேப்பிலையோடு. அதைச் சுதாவின் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம்மடது இஞ்ச கிடக்கட்டும். வந்து எடுத்துக்கொண்டு போம்."

எங்களோடு வந்தவர்களெல்லாம் சிட்னியில் வீடு வாங்கிவிட்டார்கள்; அங்கே எனக்கிருக்கும் ஒரே சொத்து, மூடி சரியாக மூடாத அந்த டப்பாதான்.