திறந்து கிடந்த பிரேக் ஒயில் டின்

போன வாரம் ஹட்டனில் என் பழைய ஜீப்புக்கு பிரேக் ஒயில் மாற்றினார்கள். புது டின்னை என் கண் முன்னால்தான் திறக்க வேண்டும் என்றேன். மெக்கானிக் சிரித்தார். எல்லோரும் சிரிப்பார்கள், இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கன்தான். மூடியைத் திருகியதும் லேசான மீன் வாடை வந்தது. அதோடு மாரியப்பண்ணனும் நினைவில் வந்துவிட்டார்.

அப்போது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிளாக்கர். அவர் தோட்டத்து ஜீப் டிரைவர். பழைய நாலு சக்கர இழுவை ஜீப். மழைக்காலம் முடிந்ததும் வந்து புது ஒயில் கேட்டார். பாதி டின் ஒன்று மூடி சரியாக இறுகாமல் மாதக்கணக்காகக் கிடந்தது. எதையும் வீணாக்காதவன் என்று பெயர் வாங்கும் ஆசை எனக்கு. அதையே எடுத்து நீட்டினேன்.

"இது பனி ஈரம் குடிச்ச ஒயிலுங்க. எறக்கத்துல சூடேறுனா பிரேக் நிக்காது," என்றார். இருப்பது இதுதான் என்றேன். ஸ்டோருக்குள் புது டின் இருந்தது.

மூன்றாம் வாரம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் லெட்சுமிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்கு இறக்கம் முழுதும் பிரேக்கை மிதித்தபடிதான் போக வேண்டும். பாதி வழியில் மிதிகட்டை பஞ்சு மாதிரி அமுங்கியது. மாரியப்பண்ணன் கியரை இறக்கி, வண்டியை மண்மேட்டில் உரசி நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. வேறு வண்டி வருவதற்குள் ரோட்டோரத்திலேயே குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

விசாரணையில் தோட்டத்து மேனேஜர் துரை கேட்டதற்கெல்லாம் அவர், "நாந்தானுங்க பாத்திருக்கணும்," என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேலை போனது.

பல வருஷம் கழித்து, சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் இறந்திருந்தார். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவர் மகளிடம் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுங்க. புது டின்ன அன்னைக்கே பாத்தாராம். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தாரு."

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். லெட்சுமி குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்த அந்த ஒரு மனிதரும் இல்லை.