விபத்தில்லாத பன்னிரண்டு வருடம்

என் கணவர் பன்னிரண்டு வருடம் ஒரு கீறல்கூட விழாமல் கார் ஓட்டியவர் என்று ஒஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த தமிழர் எல்லோரும் நம்பியிருந்தார்கள். காப்புறுதி நிறுவனமும் அப்படித்தான் நம்பியது. அந்தப் பன்னிரண்டு வருடமும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் நான்.

முதலில் நாங்கள் இருந்தது ஹம்மர்பெஸ்டில். அவர் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாலு வயது மகளோடு நான் பின்னால் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து இருவரும் ஒன்றாக லைசென்ஸ் எடுத்தோம். கார் வாங்கிய முதல் பனிக்காலத்திலேயே ஒரு வளைவில் அவர் பிரேக்கை அழுத்த, கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பனிக்குவியலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஆளுக்கும் சேதமில்லை, காருக்கும் சேதமில்லை. அன்றைக்கு இறங்கி மறுபக்கக் கதவால் ஏறியவர்தான். அதற்குப் பிறகு கோடையில் கடை வாசலில் காரை நகர்த்தி விடுவதற்குத் தவிர, சாரதி இருக்கையில் அவர் உட்காரவில்லை. "நீர் காரை ஓடும், எனக்கு நாரி நோகுது" என்பார். பன்னிரண்டு வருடம் விடாமல் நொந்த இடுப்பு அது.

ஒஸ்லோவுக்கு மாறி ஸ்டோவ்னரில் அடுக்குமாடியில் வீடு எடுத்த பிறகும் அதே கதைதான். முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை, பாண் சுடும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பனி கொட்டும் நாட்களில் அவரை இறக்கிவிட்டு நான் போவேன். மகளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோனதும் நான். ஒரு செத்தவீட்டுக்காகத் துரொண்ட்ஹெய்ம் வரைக்கும் ஓட்டிப்போய் வந்ததும் நான். அவர் பக்கத்தில் இருந்து "மெல்ல, மெல்ல" என்பார். கல்யாண மண்டபத்தில் இறங்கியதும் சாவியை என்னிடம் வாங்கி, விரலில் சுழற்றிக்கொண்டு உள்ளே நுழைவார்.

இங்கே ஒரு வருடம் விபத்தென்று பணம் கேட்காமல் கார் ஓட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் ஒரு பங்கு கழிப்பார்கள். அதற்குப் பெயர் போனஸ். வருடம் ஏற ஏறக் கழிவும் ஏறும். எங்கள் கழிவு ஏறி ஏறி எழுபத்தைந்து வீதத்தில் போய் நின்றது. கார் அவர் பெயரில், ஆகவே போனஸும் அவர் பெயரில். "எழுபத்தைஞ்சு எண்டால் சும்மாவே? நிதானம் வேணும்" என்று விசேஷங்களில் இளம் ஆட்களுக்குப் புத்தி சொல்லுவார். ஒருமுறை என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பொம்பிளையளிட்டைக் காரைக் குடுத்தால் உது நிக்குமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் மகளுக்குப் பதினெட்டு வயதானது. பதினாறிலிருந்தே காருக்குப் பின்னால் சிவப்பு எல் எழுத்தை ஒட்டிக்கொண்டு, என்னைப் பக்கத்தில் இருத்தி ஓடிப் பழகினவள். பயிற்சிப் பள்ளிக்குக் கட்டிய காசுகூட அவள் கடைத்தொகுதி வெதுப்பகத்தில் பணிஸ் விற்றுச் சேர்த்தது. முதல் தடவையிலேயே தேறினாள். விமான நிலையத்தில் ஒரு கோப்பிக் கடையில் வார இறுதி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை தொடங்குவது அதிகாலை நாலரைக்கு. அந்த நேரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ரயில் கிடையாது. கார் இருந்தால் வா, அடுத்த மாத முடிவுக்குள் பதில் சொல் என்று விட்டார்கள்.

காப்புறுதிப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: இருபத்து மூன்று வயதுக்குக் குறைந்தவர் யாரும் இந்தக் காரை ஓட்டுவாரா? ஓம் என்றால் கட்டணம் துள்ளி ஏறும். நம்மவர்களில் பலர் இல்லை என்று போட்டுவிட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை எங்காவது இடித்த பிறகுதான் அந்தப் பொய்யின் விலை தெரியும். எனக்கு அது வேண்டாம். ஒரு கிழமை முழுதும் மேசையில் இருந்து கணக்குப் பார்த்தேன். வருடத்துக்கு ஓடும் தூரத்தை ஹம்மர்பெஸ்ட் காலத்தில் எழுதியபடியே விட்டிருந்தோம், அதைப் பாதியாக்கலாம். கார் பழசு, அதற்கு முழுக் காப்புறுதி தேவையில்லை. விபத்தென்றால் நாங்கள் கையால் கட்டும் முதல் தொகையைக் கூட்டினால் கட்டணம் இன்னும் இறங்கும். மிச்சத்தை மகள் தன் சம்பளத்தில் தருவதாகச் சொன்னாள். எல்லாம் பொருந்தி வந்தது, அந்த எழுபத்தைந்து வீதம் இருந்தால்.

"அவளை என்ரை காரிலை போடேலாது" என்றார் அவர். "பெட்டை எங்கையாவது கொண்டுபோய் இடிச்சாள் எண்டால் என்ரை போனஸ் போயிடும். பன்னிரண்டு வருசம் கட்டிக் காத்தது."

மகள் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். எடுத்த பாலைத் திரும்ப வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு என் மச்சாள், அவருடைய அக்கா, வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மகனுக்கும் பதினெட்டு வரப்போகிறது. ஒரு சிவப்புப் பழைய கார் பார்த்து வைத்திருக்கிறார்கள். இளம் பெடியனின் காரை மாமன் பெயரில் இரண்டாவது கார் என்று பதிந்தால், மாமனின் போனஸ் அதற்கும் வரும். எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்.

"தம்பி, உன்ரை பேரிலை போட்டால் பெடியனுக்குப் பெரிய உதவி."

தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. "அதுக்கென்னக்கா, போட்டால் போச்சு."

மச்சாள் போன பிறகு, "அப்ப எங்கட பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தால் தன்ரை பிள்ளை தானா வளரும் எண்டு சொல்லுறதெல்லே. அதோடை, அவன் பெடியன், கவனமா ஓடுவான்."

அந்தக் கவனமான பெடியன் லைசென்ஸுக்கான எழுத்துச் சோதனையிலேயே இரண்டு தரம் தவறியவன். பேசித் தீர்க்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டேன்.

மறுநாள் முதியோர் இல்லத்தில் இடைவேளைக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கார் கணவர் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், மாற்ற முடியுமா என்று கேட்டேன். கணவன் மனைவிக்குள் சுலபம் என்றாள் அங்கிருந்த பெண். காரை என் பெயருக்கு மாற்ற ஒரு தாள், போனஸை மாற்ற ஒரு தாள். இரண்டிலும் அவருடைய கையெழுத்து வேண்டும்.

"பிறகு உங்கள் கணவரிடம் போனஸ் இருக்காது. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். அவ்வளவு இனிமையாக நான் யாரோடும் பேசியதில்லை.

கையெழுத்து எனக்குப் பெரிய வேலையில்லை. என் கணவர் நோர்வே மொழி பேசுவார், வாசிக்க மாட்டார். லைசென்ஸ் சோதனையைக்கூட வாய்மொழியாகக் கேட்டு வாங்கித்தான் தேறினார். இது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த விடயம், மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. கடிதம் வந்தால் "கண்ணாடியைக் காணேல்லை, நீர் பாரும்" என்பார். வரி, வீட்டுச் சங்கம், பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் நானே வாசித்து நிரப்பி, அவர் கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல் சின்னப் புள்ளடி போட்டுக் கொடுப்பேன். தொலைக்காட்சியைப் பார்த்தபடி வைப்பார். அவருடைய வெட்கத்தை என் வெட்கமாக நினைத்துத்தான் அத்தனை வருடமும் மூடிவைத்தேன்.

வீட்டுச் சங்கத் தாளுக்குக் கீழே காப்புறுதிக்காரர் அனுப்பிய இரண்டையும் வைத்தேன். மூன்று புள்ளடி. மூன்று கையெழுத்து.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். புதுப் பத்திரம் என் பெயரில் தபாலில் வந்த நாளிலாவது சொல்லியிருக்கலாம். அதைக் கோதுமை மா வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. மச்சாளின் மகனுக்கு, எங்கள் மருமகனுக்கு, பிறந்தநாள் வரட்டும், நாலு பேர் கூடட்டும் என்று காத்திருந்தேன். நான் அவமானப்பட்டதும் நாலு பேர் முன்னால்தானே.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மச்சாள் வீட்டில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கேக் வெட்டுவதற்கு முன் காப்புறுதி வேலையை முடித்துவிடுவோம், நாலு மணிக்கு அவர்கள் பூட்டிவிடுவார்கள் என்று மருமகன் தொலைபேசியை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தான். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் அடையாள எண்ணைச் சொன்னார்.

எங்களிடம் உங்கள் பெயரில் இப்போது கார் எதுவும் இல்லை என்றது மறுமுனைக் குரல். போனஸும் இல்லை. இரண்டும் உங்கள் மனைவியின் பெயருக்கு மாறிவிட்டன, உங்கள் கையெழுத்து இருக்கிறது.

மச்சாள் கேக் வெட்டும் கத்தியோடு நின்றாள். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "வாசிச்சுப் பாத்துத்தானே வைச்சிருப்பியள்?"

அந்தக் கேள்வியில் இருந்த கத்தி எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். இவள் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அவர் கத்தியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்வதென்றால், வந்த தாளை வாசிக்கத் தெரியாது என்று அக்காவுக்கும் மருமகனுக்கும் அந்த இருபது பேருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அவருடைய முகம் சிவந்து, பிறகு வெளிறியது. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

"ஓமோம். வாசிச்சுத்தான் வைச்சனான், மறந்துபோனன்" என்றார். "அவதானே காரை ஓடுறவ."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. ஆனால் நான்தான் ஓட்டுகிறேன் என்று அவர் ஊருக்கு முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கையில் இருந்த ரோல்ஸை மெதுவாக மென்று முடித்தேன். அப்படி ஒரு ருசி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்த்ததில்லை. மகள் மட்டும் சுவரோரமாக நின்று தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது அவர் பின் இருக்கையில் ஏறினார். ஒரு "மெல்ல"கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பல்கனியில் போய் நின்றார்.

நான் மா வாளிக்குப் பின்னாலிருந்து பத்திரத்தையும் புதுப் படிவத்தையும் எடுத்து மகளுக்கு முன்னால் வைத்தேன். இளம் ஓட்டுநர் உண்டு என்று நிரப்பியிருந்தேன், தூரத்தைக் குறைத்திருந்தேன். கட்டணம் அவள் சொன்ன தொகைக்குள் வந்திருந்தது. காப்புறுதிக்காரர் அவளுடைய கையெழுத்தையும் கேட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பழக்கதோஷத்தில் புள்ளடியும் போட்டிருந்தேன்.

"இதிலை வை. வேலைக்கு ஓமெண்டு சொல்லு."

அவள் பத்திரத்தில் இருந்த திகதியைப் பார்த்தாள். "இது மாறி ரெண்டு கிழமையா? கடைக்காரருக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் நான் அழுதுகொண்டு திரிஞ்சது உங்களுக்குத் தெரியும்தானே, அம்மா."

"தெரியும்."

"அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாதா?"

நான் பேனையை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். விரலை வைத்து, வரி வரியாக. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தையும் வாசித்தாள். நான் நிரப்பிய எண்களை ஒவ்வொன்றாகப் பத்திரத்தோடு ஒப்பிட்டாள். கால்மணி நேரம் நான் எதிரே நின்றேன். கடைசியில், "பிழையொண்டும் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. இரண்டு வருடம் ஓடினாள், ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நான் நீட்டிய எந்தத் தாளையும் அவள் வாசிக்காமல் வாங்கியதில்லை, கடைச் சாமான் எழுதிய துண்டைக்கூட. அது எனக்கு வலிக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த இரண்டு தாளையும் இன்றைக்கு யாராவது என் கையில் தந்தால், பென்சிலை எடுத்து அதே இடத்தில்தான் புள்ளடி போடுவேன்.