இரண்டு மார்க்கர்கள் ஆடிய ஒரு செட்

யுத்தம் நடந்த வருஷங்களில் தர்மபுரியில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தேன். சாயங்காலம் டென்னிஸ் ஆட வரும் மெம்பர்களுக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பிப் போடுபவனுக்கு அந்தப் பெயர். கற்றுக்கொடுப்பதும் அவன்தான். ஆனால் ஜெயிக்கக் கூடாது. பருத்த வக்கீலுக்கு வலது கைப் பக்கம், இடுப்பு உயரத்துக்குப் பந்து வர வேண்டும். டாக்டருக்கு இன்னும் மெதுவாக. அவர்கள் ஓங்கி அடித்து, "பாத்தியா!" என்று சிரித்தால் என் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

பாதியில் பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்த எனக்கு, கிளப்புக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு வேளைச் சோறும் கிடைத்திருந்தன. அந்த வருஷம் காரிமங்கலம் பக்கமெல்லாம் மழை பொய்த்துக் கூலி வேலைகூட இல்லை. அறை போனால் தெருதான்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து இன்னொரு மார்க்கர் வந்தார். என்னைவிட மூத்தவர், கன்னடக்காரர். அவர் இருந்த கிளப்பை மூடிவிட்டார்களாம். செக்ரட்டரியாக இருந்த அந்தப் பருத்த வக்கீல் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருக்குச் சோறு போட முடியாது. ஒரு செட் ஆடுங்க. ஜெயிச்சவன் இருக்கட்டும், தோத்தவன் கெளம்பட்டும்."

மறுநாள் மெம்பர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெறுங்காலில் இறங்கினோம். முதல் பந்தை அவர் போட்டார். அது என் வலது பக்கம், இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. நான் அடித்தேன். என் பந்தும் அவருடைய வலது கைக்கே போனது. திரும்பத் திரும்ப அப்படியே. விலக்கிப் போட வேண்டும் என்று மனம் சொன்னது, கை கேட்கவில்லை. அவருக்கும் அதே கதைதான் என்பது முகத்தில் தெரிந்தது. யாராவது களைத்து வலையில் அடித்தால்தான் ஒரு பாயிண்ட் முடிந்தது.

"என்னாய்யா, மாமன் மச்சான் வெளையாட்டா?" என்று டாக்டர் கத்தினார்.

"பந்துக்கு வலிக்குமேன்னு பாக்கறானுங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் சமமாகவே ஏறி, இன்னும் இரண்டு பாயிண்ட் எடுத்தால் எனக்கு செட் என்ற இடத்துக்கு வந்தது. இருட்டவும் தொடங்கியது. பின்கோட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவர் இடது காலை லேசாக இழுப்பதைக் கவனித்தேன். அடுத்த பந்து வந்தபோது, மெம்பர் யாருக்கும் நான் போட்டிராத பந்து ஒன்றைப் போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் தட்டி விழுந்து, எழும்பாமல் செத்தது. அவர் ஓடி வந்து பாதியில் நின்றுவிட்டார். மறுபடியும் அதையே போட்டேன். மறுபடியும் நின்றார். செட் முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. மெம்பர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு செக்ரட்டரி வந்தார்.

"நீ நல்லாத்தான் ஆடினே. ஆனா அந்த மாதிரி பந்து போடறவன் எதிர்ல நாங்க நின்னா, எங்க கதி? அவர்தான் எங்களுக்குச் சரி."

"ஜெயிச்சவன்தான் இருக்கணும்னு சொன்னீங்களே, ஐயா?"

"சொன்னேன்தான். இப்ப இப்பிடிச் சொல்றேன்."

கிளப் மட்டையை செக்ரட்டரியிடமே கொடுத்துவிட்டு, துணி மூட்டையை எடுக்க அறைக்குப் போனேன். கன்னடக்காரர் வாசலில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோபமா, தம்பி?"

"உங்க மேல என்னாங்கண்ணா கோபம்?"

"அந்தப் பந்த நானும் போட்டிருப்பேன்ப்பா. நீ முந்திக்கிட்டே." இடது காலை மெதுவாக நீட்டினார். "இல்லேன்னா இந்நேரம் நான் நடக்கணும், இந்தக் கால வெச்சிக்கிட்டு."

சேலம் போகும் லாரி ஒன்று தொப்பூர் வரை ஏற்றிக்கொண்டது. அங்கே இறங்கி ஒரு சோத்துக் கடையில் வேலை கேட்டேன்.