ஒரு தடவை கேட்டவள்

அருங்காட்சியகத்தின் சின்னத் திரையரங்கில் முதல் வரிசையில் கியூமர்ஸ் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. படம் அவரைப் பற்றியது. வேறு நாடுகளிலிருந்து ஸ்வீடனின் கோதன்பர்க் நகருக்கு வந்து தொழில் தொடங்கியவர்களைப் பற்றி அருங்காட்சியகம் எடுத்த படங்களில் இது மூன்றாவது. நவம்பர் மாத ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு நாற்பது பேர் வந்ததே பெரிய விஷயம்.

படத்தை எடுத்த உல்ரிகா காபித் தட்டோடு வந்தாள்.

"காபி எடுத்துக்கறீங்களா? இலவங்கப்பட்டை பன்னும் இருக்கு."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், வேண்டாம்."

"சரி" என்று சிரித்துவிட்டு அவள் அடுத்தவரிடம் போய்விட்டாள்.

கியூமர்ஸ் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இருபத்தேழு வருடமாக இந்த ஊரில் இப்படித்தான் பட்டினி கிடக்கிறார். அவர் பிறந்த ஈரானின் ஷீராஸில் முதல் தடவை மறுப்பது மரியாதை. மறுபடி கேட்பார்கள், மறுபடி மறுக்க வேண்டும், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ளலாம். ஸ்வீடன்காரர்களுக்கோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரு முறை கடைக்கு வந்தவர் ஒரு மரப்பெட்டியின் விலை கேட்டபோது, ஊர் வழக்கப்படி "உங்களுக்கு இல்லாததா, சும்மா எடுத்துக்குங்க" என்று சொல்லித் தொலைத்தார். அந்த மனிதர் கைகுலுக்கி, நன்றி சொல்லி, பெட்டியோடு போயே போய்விட்டார். மூன்று மாத உழைப்பு.

விளக்கு அணைந்தது. திரையில் அவருடைய கைகள் வந்தன. மரம், எலும்பு, பித்தளை என்று ஊசிபோன்ற குச்சிகளைச் சேர்த்து ஒட்டி, அந்தக் கட்டைக் குறுக்கே சீவினால் ஒவ்வொரு சீவலிலும் நட்சத்திரம். அதைப் பெட்டிமேல் பதிப்பதுதான் அவர் தொழில். பழைய சலவைக்கூடத்தை வாடகைக்கு எடுத்தது, வங்கியில் ஏறி இறங்கியது, ஒரு நாள் பெரிய வீதியில் கண்ணாடி முகப்போடு கடை போடுவேன் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னது எல்லாம் வந்தன. அரங்கில் மெல்லச் சிரித்தார்கள், நல்ல விதமாகத்தான்.

பிறகு திரையில் மஹ்னூஷ் வந்தாள். அவருடைய ஒரே மகள், தாயில்லாப் பெண். உப்சாலாவில் வேலை. இரண்டு வருடமாக அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவளையும் படம் பிடித்தார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

"வேலைய விட்டுட்டு உங்க கூடக் கடையில இருக்கட்டுமான்னு கேட்டேன்" என்றாள் திரையில். "வேண்டாம், உன் பொழப்பப் பாருன்னுட்டார். அவர் கனவுல எனக்கு இடமில்ல. பரவால்ல, அது அவரோட கனவு."

கியூமர்ஸுக்கு அதற்குமேல் படம் ஓடியதே தெரியவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் அவரைப்போல் தனியாக அந்த ஊரில் அன்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசல் படிக்கு வந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பாபா? படம் முடிஞ்சுதா?"

"கடைக்குப் பலகை எழுதி வச்சிருக்கேன். கியூமர்ஸும் மகளும்னு. கம்பளியில சுத்தி அலமாரிக்குப் பின்னால இருக்கு."

"இப்ப எழுதினீங்களா?"

"நீ வந்து கேக்கறதுக்கு முந்தின வாரம்."



"அப்புறம் ஏன் பாபா வேண்டாம்னீங்க?"

"நீ மறுபடி கேப்பேன்னு நெனச்சேன். கேக்கல. சரி, அவளுக்கு மனசில்ல போலன்னு விட்டுட்டேன்."

"நான் இந்த நாட்டுல வளர்ந்தவ பாபா. அன்னிக்கி ரயில்ல ஊர் வர்ற வரைக்கும் அழுதேன்."

 தன் பெண்ணிடம்கூட மரியாதை பார்த்த தன்னை என்ன சொல்வது?

"போன மாசம்தான் இங்க வீடு வாங்கினேன்" என்றாள். "இனிமே கடைக்கு வர முடியாது."

"நல்லது. நல்லதும்மா."

"பலகையப் பாக்கவாவது வரட்டுமா? சனிக்கிழமை?"

"நாலு மணி நேரம் ரயில்ல, உனக்கு எதுக்கும்மா சிரமம்." நாக்கு முந்திக்கொண்டது. அறுபத்து மூன்று வருடப் பழக்கம்.

"சரி பாபா" என்றாள் மகள், மெதுவாக.

உள்ளே உல்ரிகா காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா" என்றார் கியூமர்ஸ் போனில். "வா. வாம்மா."

மூன்று தடவையும் அவரே சொல்லிவிட்டார்.