வலது இருக்கை சொன்ன பதில்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதுவும் நடுராத்திரி இல்லை. பட்டப்பகல், மதியம் 12.41.

நான் சுஸுனா. அப்போது ஜப்பானில், கியூஷூவில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பரீட்சை. ஏற்கெனவே ஒரு முறை கோட்டைவிட்டிருந்தேன். இன்னொரு முறை விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். குறுக்குக் காற்றில் தரையிறக்குவது மட்டும் எனக்கு வரவே இல்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் தனியாக சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே ஓட்டிப் பழகும் போலி விமானத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

எங்கள் பள்ளியில் ஒரு கண்டிப்பு. விமானத்தைத் திருப்பும் கைப்பிடியைப் பக்கத்தில் இருப்பவரிடம் விடும்போது "கொடுத்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் "எடுத்துக்கிட்டேன்" என்ற பிறகுதான் கையை எடுக்கலாம். தூக்கத்தில்கூட அதைத்தான் உளறுவோம்.

மூன்று முறை திரையில் மோதினேன். நான்காவது முறை, 200 அடி உயரத்தில், விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. வலது பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்.

"கொடுத்தேன்!"

"எடுத்துக்கிட்டேன்."

என் ஹெட்போனில். ஆண் குரல். அவசரமே இல்லாத குரல்...

கைப்பிடி என் விரல்களுக்குள் தானாகத் திரும்பியது.

டக்.

சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது. அவ்வளவு பதமாக. 12.41.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

இருக்கை காலி... பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

ஓடினேன்.

வெளியே என் வகுப்புத் தோழன் இபுகி சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். "பசி மயக்கம்டி! பேய் வந்து உனக்கு பிளேன் ஓட்டித் தருதாக்கும்!" என்று சிரித்தான்.

சிமுலேட்டரைப் பார்த்துக்கொள்ளும் நுகாதா அண்ணன் சிரிக்கவில்லை. "வலது பக்கமா? அந்தப் பக்கத்துக் கைப்பிடி வயர், ஹெட்போன் வயர் எல்லாத்தையும் திங்கக்கிழமையே பிடுங்கிட்டேனேம்மா."

மறுநாள் நிஜ விமானம். வலது பக்கம் பரீட்சை வைக்கும் கொமோரி சார். 200 அடி. அதே காற்று, அதே இழுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை.

கைப்பிடி தானாகத் திரும்பியது. சார் பிடித்துவிட்டார், தொலைந்தேன் என்று நினைத்தேன்.

டக்.

"பாஸ். நான் தொடக்கூட இல்ல, அருமையா எறக்கிட்ட" என்றார். ஹெட்போனைக் கழற்றியவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆமா, எறங்கும்போது எவனோ 'எடுத்துக்கிட்டேன்'னானே... யாரும்மா அது?"

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

இன்று நான் பைலட். இதுவரை 214 முறை தரையிறங்கியாயிற்று, எல்லாமே பதமாக. அன்று அவனிடம் கொடுத்ததை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கப் பயம். கேட்டு வாங்கிவிட்டால், குறுக்குக் காற்றில் இறக்க வேண்டியவள் நான்தானே...

பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.