அமைதியான பையன்

என் மகன் என்னை 'நீங்க' என்கிறான். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அக்கா வீட்டு வாசலில் நான் பெட்டியோடு இறங்கியபோது கதவைத் திறந்தவன், "வாங்கப்பா, எப்ப கிளம்பனீங்க?" என்று கேட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். அந்த வீட்டில் அத்தை அவனுக்கு 'நீ'தான். மாமாவும் 'நீ'தான். பால்காரரும், கொரியர் கொண்டுவருபவரும், நானும் மட்டும் 'நீங்க'. ஜெர்மனியில் என்னோடு இருந்தவரை அவனுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. அங்கே அப்பாவுக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே 'டூ', அதாவது 'நீ'. இங்கே யாரும் சொல்லித்தராமலே எங்கே எதைப் போடவேண்டும் என்று கற்றிருக்கிறான். அக்காவுக்கு அதில் பெருமை. எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் பார் என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

அகிலனுக்கு நான்கு வயதில் அவன் அம்மா புற்றுநோயில் போய்விட்டாள். நான் அங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மாலை ஷிப்ட். பள்ளி விட்டபின் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் 'ஹோர்ட்' ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். அதற்குப் பிறகு மேல்மாடியில் இருந்த போலந்துக்காரப் பெண்மணி பார்த்துக்கொள்வார். அவர் அன்பானவர்தான். ஆனால் அவருக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்தது தொலைக்காட்சி ஒன்றுதான். சமைக்கவும், தலைக்கு ஊற்றவும், காய்ச்சலுக்கு எத்தனை சொட்டு என்று அளக்கவும் நான் கற்றுக்கொண்டேன். கற்காமல் விட்டவையும் இருந்தன. மழையில் விளையாட அங்கே பிள்ளைகளுக்கு 'மாட்ஷ்ஹோஸெ' என்று ஒரு ரப்பர் கால்சட்டை உண்டு. பள்ளியிலிருந்து வந்த காகிதத்தில் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த இலையுதிர்காலம் பாதிவரை மற்ற பிள்ளைகள் சேற்றில் குதிக்க, இவன் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறான். என்னிடம் கேட்டதுகூட இல்லை.

முதல் வகுப்பில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, உங்கள் மகன் மிகவும் 'ரூயிக்' என்றார். ரூயிக் என்றால் அமைதி. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திருவண்ணாமலையில் நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார் ஒரு பையனுக்குத் தரக்கூடிய பெரிய சான்றிதழ் அதுதானே. நன்றி சொன்னேன். வீட்டிலும் அவன் அப்படித்தான், ஒரு தொந்தரவும் கிடையாது என்று சேர்த்தும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். அடுத்த முறை மனநல ஆலோசகர் ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது பாராட்டு இல்லை என்பது எனக்கு உறைத்தது. என் மகன் வகுப்பில் பேசுவதையே நிறுத்தியிருந்தான்.

அன்று அக்காவிடம் போனில் அழுதேன். அவள் மகள் படிப்புக்காகச் சென்னை போய்விட்டாள். வீட்டில் அவளும், கலெக்டர் ஆபீசில் வேலை செய்யும் மாமாவும்தான். "இங்க கொண்டாந்து வுடுடா. பேச்சுக் குரல் கேக்கற வூட்டுல கொஞ்ச நாளு இருக்கட்டும்," என்றாள். பகல் வேலை கிடைக்கும்வரை, ஒரு வருடம் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டேன். அது இரண்டாயிற்று. நடுவில் ஒருமுறை வந்துபோனேன், மற்றதெல்லாம் வீடியோ கால். அவன் பிறந்தது ஜெர்மனியில், பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுடையது. என்னுடையது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் அங்கேயும், ஜெர்மன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அவன் இங்கேயும் இருந்தோம். என்னைப் போலப் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும்.

இந்த முறை எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வந்திருந்தேன். நிரந்தரப் பகல் வேலை, அவனுக்கென்று ஓர் அறை, பள்ளியில் இடம். வந்த மறுநாள் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, மாமாவிடம் அவன் ஏதோ கிரிக்கெட் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தான். கையை வீசி, குரல் ஏற்றி, நடுவில் எழுந்து நின்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன். என் மகனுக்கு இவ்வளவு உரத்த குரல் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கதையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தான். மேலே சொல்லச் சொன்னேன். "அவ்ளோதாம்பா," என்றான்.

தனியாகப் பேசவேண்டும் என்று ஆட்டோ பிடித்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டவர் போகும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே அவனுக்குப் பிடித்த பான்கேக் கிடைக்கும் என்று நினைத்தேன். சர்வர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் பதில் சொல்லச் சொல்ல அவரும் விடாமல் ஆங்கிலத்திலேயே கேட்டார். கடைசியில் அகிலன்தான், "அண்ணா, எங்கப்பா இந்த ஊருதான்," என்றான். பான்கேக்கில் பாதியை மரியாதைக்குச் சாப்பிட்டான். புது அறையின் படத்தைப் போனில் காட்டினேன். கட்டிலைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அங்க யாரு இருப்பாங்க?"

"நான் இருப்பேன்டா. இப்ப எனக்குப் பகல் வேலைதான்."

"நீங்க வேலைக்குப் போயிட்டா?"

ஹோர்ட் இருக்கிறது, நண்பர்கள் கிடைப்பார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் தலையாட்டினான். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவும் மறுக்கவில்லை. சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, "உம் புள்ள, நீ கூட்டினு போற. நான் இன்னா சொல்றது," என்றாள். அதற்கு மேல் முகத்தைக் காட்டாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். கிளம்பும் நாளில் அவன் அழவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சீட் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சென்னை விமான நிலையம் போகும் வழியில், செஞ்சியில் ஒரு டீக்கடையில் கார் நின்றது. பால் வேண்டுமா, பிஸ்கட் வேண்டுமா, சிறுநீர் கழிக்கவேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலைதான் அசைந்தது. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, மூடிய கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி உட்கார்ந்திருந்த பிள்ளையை நான் முன்பே அறிவேன். அந்த ஆசிரியை என்னிடம் சொல்ல வந்தது இவனைப் பற்றித்தான்.

டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். எதையாவது மறந்துவிட்டீர்களா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கீழ்பென்னாத்தூர் தாண்டும்போதுதான் வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று அகிலனுக்கு விளங்கியது. என் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் கோவமாப்பா?" என்றான். இல்லை என்றேன். வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். அவனைப் பார்த்து, கை கழுவிக்கொண்டு சாப்பிட வா என்றாள். அவன் ஓடினான். என் பெட்டி மட்டும் வண்டியிலேயே இருந்தது.

நீ இங்கேயே வந்துவிடேன் என்று மாமா வாசலில் வைத்துச் சொன்னார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் வயதில் ஒருவனைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள ஊரிலுள்ள ஆய்வுக்கூடங்கள் தயங்குகின்றன. எனக்கும் அந்த வேலையை விட்டால் நான் யார் என்ற பயம் இருக்கிறது. அவனைத் திருப்பிக் கொண்டுவிட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என்றாலும், அந்த முதல் வருடங்களில் அவனிடம் நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். கேட்டதற்குப் பதில், பசிக்குச் சோறு என்று இருந்துவிட்டேன்.

இந்த நவம்பரில் ஒரு மாலை, ஜெர்மனியில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் காகித விளக்குகளை ஏந்திப் பாடிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அங்கே வருடாவருடம் நடப்பதுதான். பெற்றோர்கள் பின்னால் நடந்தார்கள். அதே நேரத்தில் போன் அடித்தது. ஊரில் தீபத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. மாட வீதியில் சாமி புறப்பாடு, மாமாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு அகிலன் கத்தினான். "அப்பா, தெரியுதா? இருங்க, நல்லா காட்றேன்." அவன் கையை உயர்த்த, திரையில் விளக்குகளும் தலைகளும் மட்டும் ஆடின, மேளச் சத்தத்தில் அவன் குரல் எங்கோ முங்கிப்போனது. பார்த்துக்கொண்டே நானும் அந்தப் பெற்றோர்களோடு நடந்திருக்கிறேன். பக்கத்தில் வந்த பெண்மணி புன்னகைத்து, உங்கள் பிள்ளை எது என்று கேட்டார். அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறான் என்றேன். அவர் முன்னால் போகும் காகித விளக்குகளைப் பார்த்துத் தலையசைத்தார். நான் திருத்தவில்லை. தெருக்கோடிவரை அவர்களோடேயே நடந்தேன்.