நாலாவது போல்ட்

தண்ணீர் வரி அலுவலகத்தில் தபால் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அலுவலகம் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. அவளுக்கும் தெரியும். கேட்டால் கோபம் வந்திருக்க வேண்டும்; அவளுக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இந்தக் கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஒருத்தியாவது வேண்டாமா என்பது அவள் எண்ணம்.

தீர்ப்புகளும் எப்போதும் கைவசம் தயாராக இருந்தன. ஹெட்கிளார்க் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத மனுஷன். அவருடைய நாற்காலியில் அவர் உட்கார்ந்ததைவிட அவர் கோட்டு உட்கார்ந்ததே அதிகம். கேஷியர் வாயைத் திறந்தால் சொந்தப் பெருமை. மீட்டர் பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள் வேலையைப் பார்ப்பார்கள், அதுவும் மேலதிகாரி வருகிற நாளில் மட்டும். வீட்டுக்குப் போனாலும் கோர்ட் கலையாது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர், வழியில் கிடக்கிற ஆணி, நட்டு, போல்ட்டையெல்லாம் பொறுக்கி வந்து ஒரு பால்பவுடர் டின்னில் சேர்த்து வைப்பார். வீடு என்ன பழைய இரும்புக் கடையா என்று அவருக்கும் வாரம் தவறாமல் ஒரு தீர்ப்பு உண்டு.

அந்த அலுவலகத்தில் நாற்காலி ஆட்டம் கண்டால் யாரும் புகார் கொடுப்பதில்லை. கொடுத்தால் ஸ்டோர் கீப்பர் வந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பதிலுக்கு ஒரு மர ஸ்டூலைப் போட்டுவிடுவார். போன நாற்காலி திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் அங்கே வேறொரு ஏற்பாடு இருந்தது. யார் லீவில் இருக்கிறாரோ அவர் தலையில் அதைக் கட்டிவிடுவது. சக்கரம் வைத்த நாற்காலிதானே, தூக்கக்கூட வேண்டாம், காலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். இதற்குப் பயந்துகொண்டே ஜலதோஷம் பிடித்தவர்கள்கூடத் தும்மிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். மேலதிகாரி அதைக் கடமையுணர்ச்சி என்று நினைத்துப் பாராட்டினார்.

ஜட்ஜம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. நீண்ட லீவு முடிந்து இடுப்பில் பெல்ட்டோடு வந்தாள். உட்காருவதில் கவனம் வேண்டும், இன்னொரு தடவை பிசகினால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலை இல்லாமல் நாள் பூராவும் வீட்டில் கிடப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து வந்து நலம் விசாரித்தார்கள். கேஷியர் கண்கூடக் கலங்கினார். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள். ஆனாலும் முதுகில் சுருக்கென்றது. அதுவரை சூழ்ந்து நின்ற அத்தனை பேருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து வந்தவளுக்கே இந்தச் சீதனம். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"மனுஷங்களா இவங்க? இத்தனை பேர்ல ஒருத்தருக்காவது ஒரு போல்ட்ட வாங்கி மாட்டணும்னு தோணுச்சா பாருங்க."

அவர் உள்ளே போய், போல்ட் முறுக்குகிற வளைந்த ஆலன் கீ ஒன்றைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார். "கவுத்துப் போட்டுப் பாரு. ஏதாவது கொறஞ்சா சொல்லு" என்றார். அதற்குள் அவள் ஸ்டோர் கீப்பரை ஏச ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனதும், நாற்காலியைக் கவிழ்க்க வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டாள். இருக்கைக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு. அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நாலு போல்ட்டில் மூன்று தளர்ந்து கிடந்தன. நாலாவது இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. மூன்றையும் முறுக்கினாள். ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. அப்போதுதான் ஹெட்கிளார்க்கின் நாற்காலி கண்ணில் பட்டது. வழக்கம்போல் கோட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. உட்காராத மனுஷனுக்கு மூன்று போல்ட் தாராளம் என்று அங்கேயே ஒரு தீர்ப்பை எழுதி, அதிலிருந்து ஒன்றைக் கழற்றித் தன் நாற்காலியில் மாட்டிக்கொண்டாள். நாற்காலி அசையாமல் நின்றது. அன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து மேலதிகாரியே ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து, முதுகைக் காட்ட டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அரை நாள் லீவுதான். அவள் மத்தியானம் வந்தபோது ஹெட்கிளார்க் அதிசயமாகத் தன் மேஜையில் இருந்தார். அவருக்குக் கீழே, கைப்பிடியில் மைக்கறை பட்ட அவளுடைய நாற்காலி. அவளிடத்தில் கிடந்ததில் உட்கார்ந்தாள். அது பின்பக்கம் சாய்ந்தது. பெல்ட்டை மீறி வலி காலுக்கு இறங்கியது.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். ஜென்மத்துக்கும் மறக்காதபடி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். எதற்கும் அடியில் பார்த்துவிட்டுக் கேட்போம் என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கவிழ்க்கச் சொன்னாள். தகட்டின் பின்மூலையில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. அதைச் சுற்றி ஆலன் கீ வழுக்கிய கீறல்கூட இருந்தது. அந்தக் கீறலைப் போட்டது அவள் கைதான்.

ஹெட்கிளார்க் தலையைத் தூக்கி, "என்னம்மா, ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

அன்று பூராவும் நின்றுகொண்டே தபால் பிரித்தாள். அதையும் கடமையுணர்ச்சி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் ஒரு போல்ட் வேண்டும் என்றாள். அவர் டின்னைக் கொண்டுவந்து செய்தித்தாளில் கொட்டி, ஒவ்வொன்றாக ஒதுக்கி, பொருத்தமாக ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். நாற்காலியைத்தான் அன்றைக்கே சரிபண்ணியாச்சே என்று சாதாரணமாகக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொறஞ்சா சொல்லுன்னு சொன்னேனே. டின்னு நெறைய கெடக்கு. எதுக்கு இன்னொருத்தர் நாற்காலில போய்க் கை வச்ச?"

அவளிடம் ஒரு தீர்ப்பும் இல்லை. ஹெட்கிளார்க் சோம்பேறிதான், கேஷியர் நடிகர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில்தான் அவளிடமும் இருந்தது.

"தோணலைங்க" என்றாள்.